இரண்டாம் பயனர்

கிளம்பும்போது எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன்.
சாவி, பனிச்செருப்பு, வங்கி அட்டை,
நூலகத்தில் திருப்பித் தராத இரண்டு புத்தகங்கள்.
போனில் இருந்த இந்த ஒன்றை
அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பங்குனி. மதுரை முப்பத்தொன்பது.
கப்பலூர் ரப்பர் கம்பெனியில்
அச்சு நூற்றறுபதுக்கு வந்துவிட்டதா என்று
பகலெல்லாம் முள்ளைப் பார்த்துவிட்டு,
பைக்காரா வீட்டு மொட்டை மாடியில்
நாலு வாளி தண்ணீர் ஊற்றி
தரை குடித்து முடிக்கும்வரை நின்று
பாயில் சாய்ந்துகொண்டு திறப்பேன்:

தாம்பெரே. வெளியே மைனஸ் பதினான்கு.
ஹால் இருபது. படுக்கையறை பதினெட்டு.
பயனர்கள் இருவர். அரசி. சேது.

இது திருட்டா என்றால் திருட்டுதான்.
எதையும் தொட்டதில்லை, அவ்வளவுதான் சொல்ல முடியும்.
பதினெட்டு என்றால் தூங்கிவிட்டாள்.
இருபத்துமூன்று என்றால் தலைக்குக் குளித்திருக்கிறாள்.
புதன் இரவுகளில் பதினாறு,
ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி.
ஒரு டிகிரிக்காக நாள்கணக்கில் பேசாமல் இருந்திருக்கிறோம்.
'மதுரைக்காரனுக்கு எவ்வளவு சூடு வைத்தாலும் போதாது' என்பாள்.
அவள் செல்லூர்க்காரி.

வடக்குப் பக்கம் ஒரு சின்ன அறை.
எதற்கென்று பேசி
பிறகு பேசாமல் விட்ட அறை.
அட்டைப்பெட்டிகளை அடுக்கிச் சாத்தி
ஏழு டிகிரியில் வைத்திருந்தோம்.
தை பிறந்து பத்து நாளில்
அது இருபத்திரண்டு ஆனது.
பிறகு இறங்கவே இல்லை,
புதன்கிழமைகூட.
அக்காவிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்,
அவளுக்கு எல்லா வீட்டுக் கதையும் தெரியும்.
கேட்கவில்லை.

நேற்று ராத்திரி இங்கே கரண்ட் போனது.
ஒயர் இழுத்துப் போட்ட டேபிள் ஃபேன் நிற்க
கொசு எழுப்பிவிட்டது.
மணி நாலு. அங்கே பன்னிரண்டரை.
திரை முழுக்க நீலம்.
தூக்கத்தில் தன்னைப் புதுப்பித்துக்கொண்ட மென்பொருள்
வீட்டில் யாரும் இல்லை என்று
தானாகவே முடிவு செய்திருந்தது.
ஹால் பதினாறு.
சின்ன அறை பதினைந்து.
பார்த்துக்கொண்டிருக்கும்போதே பதினாலரை.
புதன் இரவு.

எழுதினேன்: 'அரசி, ஹீட்டர் நின்னுபோச்சு.'
ஒரு டிக்.
இரண்டாவது விழவில்லை.
டூட்டியில் போனை லாக்கரில் வைத்துவிடுவாள்.

மாற்றுவதற்கு இருந்தது ஒரே ஒரு பொத்தான்.
அதன்மேல் எழுதியிருந்தது:
வீடு திரும்பினேன்.

கட்டைவிரல் கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது.
திருப்பரங்குன்றம் ரோட்டில்
காலி டப்பாக்கள் உருள ஒரு பால் வண்டி போனது.
அழுத்தினேன்.

ஹாலுக்குப் பழைய கணக்கு நினைவிருந்தது. படுக்கையறைக்கும்.
சின்ன அறைக்கு மட்டும்
ஏழு என்று எடுத்துக் காட்டியது,
நாங்கள் சொல்லிவைத்தபடியே.
கையால் ஏற்றினேன்.
எட்டு, ஒன்பது, ஒவ்வொன்றாகத்தான் ஏறும்,
இருபத்திரண்டில் விட்டேன்.

பதினைந்து.
நெடுநேரம் பதினைந்து.
பதினைந்தரை.
குழாயடியில் குடம் வைக்கும் சத்தம் கேட்டது.
பதினேழு.
கழுத்து வேர்த்து, பாய் முதுகில் ஒட்டி,
சார்ஜ் மூன்று சதவீதத்துக்கு இறங்கியபோது
அந்த அறை இருபதைத் தொட்டிருந்தது.
எப்போது தூங்கினேன் தெரியவில்லை.

மத்தியானம் அச்சுக்குப் பக்கத்தில் நிற்கையில்
சட்டைப்பையில் இரண்டு முறை அதிர்ந்தது.
முதலாவது:
இந்த வீட்டுக்கான உங்கள் அனுமதி நீக்கப்பட்டது.

அடுத்தது அவள்.
'லாக்ல உன் பேர் பார்த்தேன் சேது.
அவன் முழிக்கவே இல்ல.'

முள் நூற்றைம்பத்தெட்டில் நின்றது.
சூப்பர்வைசர் மாடக்கண்ணு
என்னய்யா, திறக்கலையா என்றார்.
இன்னும் ரெண்டு டிகிரி இருக்கு என்றேன்.